பூ மூட்டைக்கு அடியில் ஒரு டின்

எங்கள் சொந்தத்தில் யார் விமானம் ஏறினாலும் எனக்குப் போன் வந்துவிடும். டிக்கெட் எடுக்கும்போது என்னை யாரும் நினைப்பதில்லை. பெட்டி கட்டும்போதுதான் நினைப்பு வரும். அத்தே, நெய் போகுமா? சித்தி, அருவாமனை போகுமா? மதினி, கொஞ்சம் கொப்பரைத் தேங்காய் வைத்திருக்கிறேன், ஒன்றும் சொல்லமாட்டார்கள் இல்லையா?

நெய்யைக் கீழே ஏற்றுகிற பெட்டியில் போடலாம், இறுக்கி மூடியிருக்க வேண்டும். அருவாமனையும் கீழேதான். கொப்பரை எதிலும் போகாது; எண்ணெய் ஊறிக் கிடப்பதால் சுலபமாகத் தீப்பிடிக்கும். தண்ணீர் உள்ள முழுத் தேங்காய் என்றால் கீழே போடலாம். கற்பூரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் உடனே பதில் சொல்லமாட்டேன். "அதுக்குப் பக்கத்துல என்ன வைக்கப் போற?" என்று கேட்பேன். பேச்சியம்மாள் அத்தைக்கு ரிட்டையர் ஆனதும் கொஞ்சம் கழண்டுவிட்டது என்று எங்கள் அண்ணன் மகள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். திரியட்டும்.

இப்போது வேலையில் இருக்கிற பிள்ளைகள் தங்கள் ஆண்டு மலருக்கு அனுபவம் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் கேட்கிற அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெருமைப்பட்டுக்கொள்ளும்படியான கதை இல்லை. ஆனால் நினைக்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டு, நல்லவேளை என்று சொல்லிக்கொள்கிற கதை.

எனக்கு ஊர் எழுமலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரை விமான நிலையத்தில் ஒரு விமானக் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் தற்காலிகப் பணியாளாகச் சேர்ந்தேன். பயணிகளின் பெட்டியைச் சோதிப்பதும், பெண் பயணிகளைத் தடவிப் பார்ப்பதும் வேலை. எங்கள் வீட்டிலிருந்து அதுவரை யாரும் விமானத்தைக் கிட்டத்தில்கூடப் பார்த்ததில்லை. மூன்று வாரம் சென்னையில் பயிற்சி கொடுத்தார்கள். வெடிகுண்டு எப்படி இருக்கும் என்று படம் காட்டினார்கள். மதுரைக்கு வந்த பிறகு ஒரு வெடிகுண்டையும் நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் ஊறுகாய், அதிரசம், அருவாள், தீபாவளி நேரத்தில் அடியில் சேலையைப் போட்டு மறைத்த பட்டாசுப் பெட்டி. "பிள்ளைங்க ஆசையா கேட்டுச்சும்மா" என்பார்கள். நானும் பிள்ளை பெற்றவள்தான். ஆனாலும் பட்டாசு ஏறாது.

எங்கள் அதிகாரி ஞானப்பிரகாசம் சார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். சுமை தூக்குகிறவர்களைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். அதற்குச் சத்தம் போட்டுத் திட்டியிருக்கலாம்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. நாம் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து, மூடி, நாடா கட்டி, 'சோதிக்கப்பட்டது' என்ற ஸ்டிக்கரை ஒட்டி, அதில் கையெழுத்தும் போட்டு முடித்தபின் பின்னால் வந்து நிற்பார். உள்ளே என்ன இருந்தது, மேலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள் என்பார். மேலே இரண்டு சேலை சார், அதற்குக் கீழே ஒரு சம்புடம், சம்புடத்தில் முறுக்கு என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்தில் தடுமாறினால் ஒரே கேள்விதான் கேட்பார்.

"பாத்தீங்களா, பாத்த மாதிரி இருந்துச்சா?"

நாடாவை அறுத்து மறுபடி முதலில் இருந்து பார்க்க வேண்டும். பயணி முறைப்பார், வரிசை முணுமுணுக்கும். சார் அசையமாட்டார்.

ஒருமுறை எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் பம்பாயில் இருக்கிற தன் ஆட்கள் கட்டிய கருப்பசாமி கோயிலுக்கு என்று முழ நீளத்தில் புது அருவாள் செய்து, மஞ்சள் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுவந்தார். சாமி காரியத்தைத் தடுத்தால் உனக்கு ஆகாது என்று என்னையே மிரட்டினார். நானும் அந்தச் சாமியைக் கும்பிடுகிறவள், சாரைக் கூப்பிட்டேன். சார் வந்தார். துணியை விலக்கிப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்று மெச்சினார். பிறகு, "சாமி கீழ படுத்துக்கிட்டு வரட்டும். நீங்க மேல உக்காந்துக்கிட்டு வாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துலதான் எறங்குவீங்க" என்றார். அந்த ஆள் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அருவாள் அட்டையில் பொதிந்து கீழே போனது. சாருடைய பேச்சுக்கு அம்புட்டு மரியாதை.

மதுரையில் எங்களுக்குத் தலைவலி கொடுத்தது அருவாளோ பட்டாசோ இல்லை, மல்லிகைப் பூ. வெளியூரில் இருக்கிற மகளுக்கு, மருமகளுக்கு என்று நாலு பேரில் ஒருவர் கையில் பூ மூட்டை இருக்கும். வாழை இலையில் சுற்றி, நடுவில் ஐஸ் வைத்து, ஈரத் துண்டால் கட்டிக் கூடையில் வைத்துக் கொண்டுவருவார்கள். பூவை யார் தடுப்பார்கள்? விட்டுவிடுவோம். ஒருநாள் நான் விட்ட பூ மூட்டை விமானத்துக்குள்ளே மேல்தட்டில் இருந்து சொட்டி, கீழே உட்கார்ந்திருந்த ஒரு வக்கீலின் கேஸ் கட்டு முழுவதும் நனைந்துபோனது. புகார் வந்தது. சார் என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். சொட்டுகிற பொருள் எதையும் பயணிகள் உட்காரும் இடத்துக்குள் விடக்கூடாது என்று உத்தரவு போட்டார். எனக்கு நிரந்தரப் பணி ஆணை வரவேண்டிய நேரம் அது. இனிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட என்னைத் தாண்டிப் போகக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அதற்கு மறுவாரம்தான் சேதுராம் வந்தார்.

நல்ல வெயில் நாள், மதிய விமானம். பெட்டியைப் படம் பிடிக்கிற மெஷின் காலையிலேயே படுத்துவிட்டது. எல்லாப் பெட்டிகளையும் மேசையில் வைத்துக் கையால் பார்த்துக்கொண்டிருந்தோம். சேதுராமுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சௌராஷ்டிரக்காரர், சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர். விரல் நகமெல்லாம் நீலம் ஏறிக் கிடந்தது. பம்பாயில் கைத்தறிக் கண்காட்சியில் எல்லோர் முன்னாலும் சாயம் போட்டுக் காட்ட அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் விமானம் ஏறுவது அதுதான் முதல் தடவை. வழியனுப்ப வந்த மனைவி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவர்கள் பாஷையில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். பம்பாயில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அந்த அம்மா கட்டிக் கொடுத்த பூ மூட்டை இவர் கையில் தனிக் கூடையில் இருந்தது.

பெட்டியைத் திறந்தேன். மேலே வேட்டி சட்டை. அதற்குக் கீழே வெள்ளைத் துணி ஒன்று, நூலால் பொடிப்பொடி முடிச்சாகப் போட்டு மடித்து வைத்திருந்தது. சாயத்தில் முக்கி எடுத்து முடிச்சை அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளியாக வரும். அதுதான் சுங்குடி. ஓரத்தில் ஒரு பால்பவுடர் டின். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கியிருந்தது. ரப்பர் பேண்டை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பொடி.

"சாயத்துல போடுற பொடிம்மா. ஹைட்ரோஸ்ம்பாங்க. இது போகுமா?" என்று அவரே கேட்டார்.

எங்கள் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் மண்ணெண்ணெய் இருந்தது, ஆசிட் இருந்தது, பட்டாசு இருந்தது. ஹைட்ரோஸ் இல்லை. சாயப் பொடி என்றால் கோலப் பொடி மாதிரிதானே என்று நினைத்தேன். வரிசை வாசல்வரை நின்றது. போகும் என்று சொல்லிவிட்டேன். பையின் வாயைச் சுருட்டி உள்ளே திணித்து மூடியைப் போட்டேன். ரப்பர் பேண்ட் எங்கே விழுந்தது என்று நான் தேடவில்லை.

பிறகு கூடையைப் பார்த்தேன். பூ மூட்டை சொட்டிக்கொண்டிருந்தது. இது கையில் போகாது, பெட்டியில்தான் போகும் என்றேன். அவர் தயங்கினார். "அந்தப் பொடியில தண்ணி படக்கூடாதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். டின்தான் மூடியிருக்கிறதே, பூ வேண்டுமா வேண்டாமா, சீக்கிரம் சொல்லுங்கள் என்றேன். யூனிபாரம் போட்ட ஆளிடம் இரண்டாம் தடவை பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார், கூடையை என் பக்கம் நகர்த்தினார். நானே பூ மூட்டையைத் தூக்கி டின்னுக்கு மேலே அமுக்கி வைத்தேன். நாடா கட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்தும் போட்டேன். சார் அப்போது வேறு மேசையில் இருந்தார்.

அந்தக் காலத்தில் இன்னொரு முறை உண்டு. பெட்டிகளை எல்லாம் விமானத்துக்குப் பக்கத்தில் தரையில் வரிசையாக வைத்துவிடுவார்கள். ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு பயணியும் வந்து தன் பெட்டியைத் தொட்டுக் காட்ட வேண்டும். தொட்டதுதான் ஏறும். சேதுராம் தன் பெட்டியைத் தொட்டார். தொட்டவர் உடனே நகரவில்லை. உள்ளே பூ மூட்டை இருக்கிறது, இப்படியே நிமிர்த்தி வையுங்கள், சாய்க்காதீர்கள் என்று சுமை ஏற்றுகிற முனியாண்டி அண்ணனிடம் சொல்லிவிட்டு, இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே படிக்கட்டு வரிசையில் போய் நின்றார். எனக்கு அது உறுத்தியது. முதல் தடவை ஏறுகிறவர், பயம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெட்டிகள் ஏறின, கீழ்க்கதவை மூடினார்கள். முனியாண்டி அண்ணன் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே, "பூ மூட்டை வச்ச பெட்டின்னாங்க தாயி, அடியில கொதிக்குது" என்றார்.

வெயிலில் கிடந்த பெட்டி சுடாமல் என்ன செய்யும்? ஆனால் அவர் சொன்னது அடிப்பக்கம். வெயில் படாத பக்கம். இரண்டு வருடமாகப் பூ மூட்டைகளைப் பார்த்தவள் நான். பூ இருக்கிற பெட்டி எந்த வெயிலிலும் அடியில் சில்லென்றுதான் இருக்கும், ஐஸ் உருகி அங்கேதான் இறங்கும். சுடுகிறது என்றால் உள்ளே ஏதோ சுடுகிறது.

அந்த இடத்தில் நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், முனியாண்டி அண்ணனின் வண்டி நிழலுக்குப் போய்ச் சேரும் நேரம். சொல்லி, ஒன்றும் இல்லாமல் போனால்? விமானத்தை நிறுத்திய பைத்தியக்காரி என்று பேர் வரும், பணி ஆணை அப்படியே போகும். சொல்லாமல், ஏதாவது இருந்தால்? படிக்கட்டில் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகும் என் கால் உடனே நகரவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். பிறகுதான் ஓடினேன்.

சாரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கேட்டது அதே கேள்விதான். பார்த்தீர்களா, பார்த்த மாதிரி இருந்ததா?

"பாக்கல சார். தண்ணி படக்கூடாதுன்னு அவரு சொன்னாரு. நான்தான் பூவைத் தூக்கி அது மேல வச்சேன்."

சார் நேராக விமானத்தின் மூக்குக்கு எதிரே போய் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைத்துக் காட்டினார். நிறுத்து என்பதற்கு அதுதான் அடையாளம். ஏறியவர்களை இறக்கினார்கள். முனியாண்டி அண்ணன் கீழ்க்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்ததும் இருமினார். பெட்டியை வெளியே இழுத்தபோது அதன் மூலையில் இருந்து மெல்லிய புகை வந்தது. மல்லிகை வாசனையோடு தீக்குச்சிக் கருகல் வாடையும் கலந்து அடித்தது. அந்தப் பொடிக்கே லேசாக அந்த வாடை உண்டாம்; மேசையில் பூ வாசனை அதை மறைத்திருக்கிறது. அண்ணன் பெட்டியை இழுத்துக்கொண்டே ஓடி, வெட்ட வெளியில் போட்டார்.

தீயணைப்பு வண்டி வந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு இருவர் இறங்கினார்கள். அப்போதுதான், இறங்கி நின்ற கூட்டத்தில் இருந்து சேதுராம் ஓடி வந்தார். மேசையில் என்னிடம் இரண்டாம் வார்த்தை பேசப் பயந்த மனுஷன், குழாயைப் பிடித்தவரின் கையையே பிடித்துவிட்டார்.

"தண்ணி வேணாங்க! தண்ணி பட்டுத்தான் எரியுது. மண்ணைப் போடுங்க."

சார் தலையாட்டினார். வாளி வாளியாகக் காய்ந்த மணலைக் கொட்டினார்கள். பெட்டியின் ஒரு பக்கம் சுருங்கி உருகியது, குப்பென்று ஒரு தீநாக்கு எழுந்து அடங்கியது. அது தரையில் எழுந்தது. வானத்தில் எழவில்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. முனியாண்டி அண்ணன் தண்ணீர் கொடுத்தார்.

ஆறிய பிறகு சேதுராமே பெட்டியைத் திறந்தார். முடிச்சுத் துணி பாதி கருகியிருந்தது. மிச்சப் பாதியைக் கையில் எடுத்து உதறி, "மூணு வாரமா என் வீட்டுக்காரி முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு அழகாக மடித்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். "எறக்கிட்டீங்கள்லம்மா. அது போதும்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதோடு முடியவில்லை. தீப்பிடிக்கும் பொருளை மறைத்துக் கொண்டுவந்தார் என்று போலீஸ் அவரை உட்கார வைத்துவிட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றது நின்றபடி இருந்தார். சார் என் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். எப்படி எழுத வேண்டும் என்று அவரைப் பார்த்தேன்.

"என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க. என்ன நடந்திருக்கணுமோ அதை எழுதாதீங்க" என்றார்.

எழுதினேன். பயணி எதையும் மறைக்கவில்லை. டின்னை அவரே காட்டினார். போகுமா என்று கேட்டார். போகும் என்று நான் சொன்னேன். தண்ணீர் படக்கூடாது என்றார். நான் கேட்கவில்லை. கூடையில் இருந்த பூவைப் பெட்டிக்குள் வைத்ததும் நான்தான். கையெழுத்துப் போடும்போது பணி ஆணை போயே போய்விட்டது என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், சேதுராமை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் பணி ஆணையைப் பற்றி எனக்குக் கவலையே வரவில்லை. அது போகவும் இல்லை. எழுத்து மூலம் கண்டிப்புக் கொடுத்து, ஆறு மாதம் தள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள். சுவர்ப் பட்டியலில் ஹைட்ரோஸ் என்று சார் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்.

பத்து நாள் கழித்து சேதுராம் மறுபடி வந்தார். கண்காட்சி இன்னும் முடிந்திருக்கவில்லை. பொடியைப் பம்பாயிலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார். மெஷின் வேறு அன்று நன்றாகத்தான் ஓடியது. பக்கத்து மேசையில் கூட்டமே இல்லை, வாங்க என்று கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. என் வரிசையிலேயே நின்று, முறை வந்ததும் பெட்டியை என் முன்னால் வைத்துத் திறந்தார். பூ மூட்டையையும் பக்கத்தில் வைத்தார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா. இது போகுமா?"

ஈரத் துண்டை அவிழ்த்தேன். ஐஸை எடுத்து வெளியே போட்டேன். துண்டை நன்றாகப் பிழிந்துவிட்டுப் பூவைச் சுற்றினேன், மேலே காய்ந்த காகிதத்தையும் சுற்றினேன். சொட்டவில்லை, கையில் கொண்டுபோகலாம் என்றேன். பிறகு பெட்டியில் இருந்த ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து மேசையில் வைத்து, ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தேன். வரிசை முணுமுணுத்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் பின்னால் ஞானப்பிரகாசம் சார்.

உள்ளே என்ன இருக்கிறது, சொல்லுங்கள் என்றார்.

மேலே இரண்டு வேட்டி சார், சட்டை மூன்று. அதற்குக் கீழே ஒரு துண்டு, சோப்பு டப்பா. அதற்கும் கீழே முடிச்சுத் துணி, பாதி பழையது, பாதி புதுசாக முடிந்து சேர்த்துத் தைத்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை சார் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. சேதுராமின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் நிமிர்த்தி வைத்தார்.